பேய் வேஷம் போட்டு அனுப்பலாமா?

கேள்வி (தஞ்சாவூர்)

பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அக்டோபர் 31 ஹாலோவீனாம், பேய் வேஷத்தில் அனுப்பச் சொல்லி பள்ளிக்கூட வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருக்கிறது. மாமியார், "ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள், உங்க மாமாவுக்குக் கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்தணும், இந்த வீட்டுலயா பேய் வேஷம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது நம்ம பண்டிகைதானா, இல்லை சாத்தான் சமாச்சாரமா?

பதில் 1 (கும்பகோணம்)

தங்கச்சி, முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவன் நான். பெயரே நம்முடையதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ஹாலோ' என்றால் புனிதர், 'ஈன்' என்றால் முந்தின சாயங்காலம். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தின மாலை இது. 8ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி பாப்பரசர் ரோம் இராயப்பர் (பேதுரு) கோயிலுக்குள் எல்லாப் புனிதர்களுக்கும் சேர்த்து ஒரு சிற்றாலயம் அமைத்தார். பூசணி விளக்கு பிற்பாடு வந்தது. அயர்லாந்தில் டர்னிப்பைத்தான் குடைந்தார்கள், அமெரிக்கா போனபிறகு பூசணி. (நாம் அதை நடுரோட்டில் உடைத்து பைக்காரனை வழுக்கவிடுகிறோம்.)

நாள்காட்டியில் இடம் கிடைக்காத புனிதர்களுக்கும் அதுதான் திருநாள். எனக்கு எங்க அத்தை ஞாபகம் வரும். ஐப்பசி மழையில் கல்லறையில் மெழுகுவர்த்தி நிற்குமா? கொட்டாங்கச்சியில் மணல் போட்டு ஊன்றி, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பார். சொந்தக்காரர்களுக்கு ஏற்றி முடித்தபிறகு, சுண்ணாம்புகூடக் காணாத, யாரும் வராத குழிகளுக்கு. சாமியார் மந்திரித்துவிட்டுப் போனபிறகும் அங்கேயே நிற்பார்.

பையன் பெயர் என்ன?

பதில் 2 (தரங்கம்பாடி)

நாங்கள் லுத்தரன், மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபை. அக்டோபர் 31 எங்களுக்குச் சீர்திருத்தத் திருநாள்; 1517இல் லூத்தர் திருச்சபையைத் திருத்தக் கோரி 95 கருத்துரைகளை வெளியிட்டது சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின நாள்தான். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, புனிதர்களிடம் நாங்கள் மன்றாடுவதில்லை. ஆனால் மறப்பதும் இல்லை. 1706இல் இங்கே கரையிறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தான் கட்டிய புது எருசலேம் கோயிலுக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடுகிறோம். பேய் வேஷம் மட்டும் வேண்டாம் என்பேன்.

கேட்டவர்

பெயர் சூசை, அவன் தாத்தா பெயர்.

பதில் 1

அப்புறம் என்ன, இயேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பராகவே அனுப்புங்கள். ஒரு துண்டு, ஒரு முழக்கோல் போதும்.

கேட்டவர்

மாமா தச்சு வேலை செய்தவர். மாமியாரே பரணில் ஏறி அவருடைய முழக்கோலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சூசை சார்தான் ஒட்டுத்தாடி மட்டும் வேண்டாம் என்கிறார், அரிக்கிறதாம்.