மாடி வேலைக்குப் பக்கத்தில் 11 கே.வி. லைன்: சாரம் கட்டலாமா?

குடியாத்தம் மேஸ்திரி:

வணக்கம். விருதம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு இரண்டாம் மாடி எடுக்கிறேன். கீழ் இரண்டு தளங்களும் பழையவை, வேறு மேஸ்திரி கட்டியவை. தெருவோரமாக மின்வாரிய லைன் போகிறது. இதுவரை யாருக்கும் அது உறுத்தவில்லை. இப்போது எடுக்கும் தளமும் ஒயர்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வருகின்றன. சுவருக்கும் ஒயருக்கும் நடுவே ஐந்தடி இருக்கும் என்பது என் கண்ணளவு. வீட்டுக்காரர் தெருப்பக்கம் இரண்டடி சன்ஷேடு வேண்டும் என்கிறார்.

சன்ஷேடைவிட எனக்குக் கவலை கம்பி ஏற்றுவதில்தான். தெருவில் ஒருவன் நீளக் கம்பியை நிமிர்த்திக் கொடுக்க, மேலே நிற்பவன் குனிந்து நுனியைப் பிடித்து இழுப்பான். பாதி ஏறியதும் கம்பி வளைந்து ஆடத் தொடங்கும். நுனி எந்தப் பக்கம் சாயும் என்று பிடித்திருக்கும் இருவருக்குமே தெரியாது. என்னிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். என்னை நம்பித்தான் வீட்டில் அனுப்பி வைக்கிறார்கள்.

"ஒயருக்கு பி.வி.சி. பைப் மாட்டிவிடலாம். தளம் போடும் அன்று தெரிந்த லைன்மேனிடம் சொல்லி இரண்டு மணி நேரம் சப்ளையை நிறுத்திக்கொள்ளலாம். ஊரில் எல்லாரும் இப்படித்தானே கட்டுகிறார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். அடுத்த வாரம் சாரம் கட்ட வேண்டும். இது போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர், ஆற்காடு:

போதாது மேஸ்திரி. லைன் விஷயம் முடியும்வரை தெருப்பக்கம் சாரம் கட்டாதீர்கள்.

முதலில் அது எந்த லைன் என்று பாருங்கள். கம்பத்தின் உச்சியில் வி வடிவ இரும்பு ஆர்மில், பெரிய பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் மூன்று ஒயர்கள் போனால் பெரும்பாலும் அது 11 கே.வி., அதாவது 11,000 வோல்ட் உயரழுத்த லைன். வீடுகளுக்கு சர்வீஸ் இழுக்கும் தாழ்வழுத்த லைனில் நான்கைந்து ஒயர்களும் சிறிய இன்சுலேட்டர்களும் இருக்கும். ஒரே கம்பத்தில் மேலே ஒன்றும் கீழே மற்றொன்றும் போவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் உயரழுத்த லைன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை அளக்கிறேன் என்று ஸ்டீல் டேப்பை ஒயர் பக்கம் நீட்டிவிடாதீர்கள். ஒயருக்கு நேர் கீழே தரையில் ஓர் அடையாளம் போட்டு, அங்கிருந்து சுவருக்கு அளந்தால் போதும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, 11 கே.வி. லைன் கட்டடத்தின் எந்தப் பகுதிக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு மேலாகப் போனால் 3.7 மீட்டர். தாழ்வழுத்த லைனுக்குப் பக்கவாட்டில் அதே 1.2, மேலே 2.5 மீட்டர். சன்ஷேடும் பால்கனியும் கட்டடத்தோடு சேர்த்திதான். உங்கள் ஐந்தடியில் சன்ஷேடுக்கு இரண்டடி போனால் மிச்சம் மூன்றடி. 1.2 மீட்டர் என்பது ஏறக்குறைய நான்கடி. ஆக, அந்த சன்ஷேடு விதிக்குப் புறம்பானது. ஒயர் அதிகம் தொய்ந்திருக்கும் நிலையையும் காற்றில் விலகுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் நம் ஊரில் ஒயர் எப்படித் தொய்கிறது என்று நடுப்பகலில் நின்று பாருங்கள்.

அந்த 1.2 மீட்டர் கட்டி முடித்த வீட்டுக்கு. கையில் கம்பியோடு நிற்கும் ஆளுக்கு அந்த அளவு பொருந்தாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் சாரத்துக்கும் கிரேனுக்கும் இந்த அழுத்தத்தில் சொல்லும் தூரம் பத்தடி. உயரழுத்த மின்சாரம் தொட்டால்தான் பாயும் என்றில்லை. மிக அருகே கம்பி போனாலே தாவும்.

பி.வி.சி. பைப் மனிதரைக் காக்க மாட்டியதல்ல. வெயிலில் வெடிக்கும், மூட்டில் தண்ணீர் இறங்கும். அதை மாட்டியதும் ஆட்களுக்குத் தைரியம் வந்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து.

தெரிந்த லைன்மேனிடம் சொல்லி நிறுத்துவதை நான் வன்மையாக மறுக்கிறேன். நாங்கள் லைனில் ஏறுவதற்கு முன் எல்.சி. வாங்குவோம், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய எழுத்து அனுமதி (லைன் கிளியர்). எந்த லைன், யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு என்று பதிவாகும். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, சப்ளை இல்லை என்று சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கை வைப்போம். எல்.சி. திருப்பிக் கொடுக்காமல் யாரும் லைனைச் சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மறுபடி சப்ளை கொடுக்கக் கூடாது. போனில் சொல்லி நிறுத்திய லைனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஷிஃப்ட் மாறி வந்தவருக்கு உங்கள் ஆட்கள் மேலே இருப்பது தெரியாமலே போகலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சப்ளை போனதும் ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்து ஓட்டினால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி மேல் லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். லைனில் எர்த் போட்டிருப்பது இதற்காகத்தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை நம்பிக் கம்பி ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். வேலை முன்கூட்டியே முடிந்தால் சப்ளை முன்கூட்டியே வந்துவிடும்.

வீட்டுக்காரர் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுக்கட்டும். லைனை நகர்த்தவோ, உயர்த்தவோ, கேபிளாக மாற்றவோ இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார்கள். டி.சி.டபிள்யூ. (டெபாசிட் கான்ட்ரிபியூஷன் வொர்க்) என்பார்கள், செலவு மனுதாரருடையது. மனுவின் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி நீங்களும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பூம் பம்ப் ஆப்பரேட்டர், ராணிப்பேட்டை:

ஐயா சொன்னதோடு ஒன்று. தளத்துக்கு, நீண்ட கை வழியாகக் கான்கிரீட்டை மேலே ஏற்றும் பூம் பம்ப் வண்டியை வரச் சொல்வதாக இருந்தால், லைன் இருப்பதை புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுங்கள் அண்ணா. வண்டி வந்து நின்ற பிறகு சொன்னால், பின்னால் நிற்கும் மிக்சர் லாரியில் கான்கிரீட் இறுகுகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். பூம் ஒயரில் பட்டால் முதலில் அடிபடுவது நுனி ஹோசைப் பிடித்திருக்கும் உங்கள் ஆள். அடுத்தது வண்டியைத் தொட்டு நிற்பவர்.

ஒயர் வண்டியில் பட்டுவிட்டால் கேபினில் இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறுசிறு அடியாக உரசியபடி விலக வேண்டும். அகல எட்டு வைத்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். ஒயர் அறுந்து சத்தமில்லாமல் கிடந்தாலும் கிட்டே போகாதீர்கள். டிரிப் ஆன, அதாவது தானாக நின்றுபோன லைனை மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பார்கள்.

செவிலியர், வேலூர்:

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தாழ்வழுத்தம் என்றால் மெயினை நிறுத்தலாம். உயரழுத்த லைன் என்றால் சப்ளை நின்றது உறுதியாகும்வரை கிட்டே போகவே கூடாது, காய்ந்த குச்சியும் உதவாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108. இரண்டு எண்களையும் வேலை நடக்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்ளங்கையில் சின்னக் கருகல்தான் தெரியும், உள்ளே தசை முழுக்க வெந்திருக்கும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்தால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இதயத் துடிப்பும் பிறகு தடுமாறலாம். இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

குடியாத்தம் மேஸ்திரி:

அனைவருக்கும் நன்றி. இங்கே எழுதியதை வீட்டுக்காரருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சன்ஷேடை விட்டுவிடச் சம்மதித்தார். மனுவும் கொடுத்தாகிவிட்டது. ஐயா, மதிப்பீடு வரும்வரை ஆட்களைச் சும்மா உட்கார வைத்தால் கூலிக்கு என்ன செய்வார்கள்? பின்பக்கம் வேலையைத் தொடரலாமா? புது சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) ஒன்றுக்கும் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கக் கட்டிய பலகைகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர், ஆற்காடு:

பின்பக்கம் செய்யலாம். கம்பியைத் தரையிலேயே தேவையான அளவுக்கு வெட்டி, பின் சந்து வழியாகப் படுக்கைவாட்டில் ஏற்றுங்கள். தெருப்பக்கச் சுவரிலிருந்து பத்தடி உள்ளே தடுப்பு கட்டி, அதைத் தாண்டி யாரும் போகாதபடி ஓர் ஆளை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். மூங்கில்தானே என்றும் நினைக்காதீர்கள், ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். சென்ட்ரிங் தகடுகளை மாடியில் அடுக்கினால் மேலே பாரம் வையுங்கள், காற்றில் பறந்து லைனில் விழும்.

சம்ப் விஷயத்தில் லைனுக்குக் குறையாத கவனம் வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியில் ஈரமும் ஊறிய பலகையும் பிராணவாயுவைத் தின்றிருக்கும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, புளோயர் வைத்துக் காற்று செலுத்திய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க இருவர். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது, கயிற்றால்தான் இழுக்க வேண்டும். இதை இறங்குவதற்கு முன்பே ஆட்களிடம் சொல்லி வையுங்கள். மதிப்பீடு வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.