கட்டியில் போய்ச் சேரும் காலியம்: ஸ்கேன் எடுத்தவர்கள் அனுபவம்

சாட்ஸ்வர்த், டர்பனிலிருந்து (தென்னாப்பிரிக்கா)

அப்பாவுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் அறுவை முடிந்து நல்லபடியாக இருந்தார். அப்புறம் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம்) அளவு மெதுவாக ஏற ஆரம்பித்தது. டாக்டர் காலியம்-68 பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். கதிர் விடும் காலியம் என்ற உலோகத்தை ஊசியில் போட்டு, அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று படம் எடுப்பது. கையில் ஒரு ஊசி, ஒரு மணி நேரம் ஓய்வு, சிறுநீர் கழித்துவிட்டு மெஷினில் படுப்பது. அவ்வளவுதான், வலி எதுவும் இல்லை.

படத்தைப் பார்த்ததும்தான் அம்மா பதறிப்போனார். கன்னத்தின் இரு பக்கமும், தாடைக்குக் கீழேயும், இரண்டு சிறுநீரகங்களும் பளிச்சென்று எரிந்தன. "முகத்துக்கே வந்துடுச்சா?" என்று அழுதார். டாக்டர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: அது உமிழ்நீர்ச் சுரப்பி, எல்லா ஆண்களுக்கும் அப்படித்தான் தெரியும். கண்ணீர்ச் சுரப்பியும் சிறுகுடலின் தொடக்கமும் அப்படித்தான். சிறுநீரகம் எரிவதற்கு ஒரு காரணம், மருந்து அந்த வழியாக வெளியே போகிறது. உண்மையான சிக்கல் இடுப்புக்குள் ஒரு சின்ன நிணநீர்க் கணுவில் இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. இப்போது அங்கே கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது.

படத்தைக் கையில் வாங்குபவர்கள் தயவுசெய்து டாக்டர் விளக்கும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். பிரகாசமாகத் தெரிவதெல்லாம் நோய் இல்லை.

பிரிட்டோரியாவிலிருந்து, இந்தத் துறையில் வேலை செய்பவர்

அம்மாவுக்கு வந்த பயம் எங்களிடம் வரும் பாதி குடும்பங்களுக்கு வருகிறது, அக்கா. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எழுதுகிறேன்.

காலியம் என்ற உலோகத்துக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் எது என்று தெரியாது. அதைத் தனியாக ரத்தத்தில் விட்டால் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் அதை இரும்பு என்றே எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல உலோகத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு மூலக்கூறில் அதை வைக்கிறோம். அதோடு இணைந்த இன்னொரு பகுதி, செல்லின் மேலே இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தில் போய் ஒட்டும். பெரும்பாலான புரோஸ்டேட் புற்றுச் செல்களில் அந்தப் புரதம் மிக அதிகம். ஒட்டியதும் செல் அதைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் மீதி இருப்பது சிறுநீரில் போய்விடும், கட்டியில் போனது தங்கிவிடும். ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிவதற்காகத்தான்.

அதற்கு மேல் தள்ளிப்போடவும் முடியாது. காலியம்-68க்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 68 நிமிடம். தூர ஊரில் தயாரித்து லாரியில் அனுப்பும் பொருள் இல்லை. அதனால் ஜெர்மேனியம்-68 அடைத்த, ஜெனரேட்டர் என்று சொல்லும் ஒரு கருவியை மருத்துவமனையிலேயே வைத்திருக்கிறோம். ஜெர்மேனியத்தின் அரை ஆயுள் சுமார் 271 நாள். அது சிதைந்து காலியம் ஊறிக்கொண்டே இருக்கும், தேவைப்படும்போது அமிலம் விட்டுக் கறந்து எடுக்கிறோம். கேப் டவுன் பக்கத்து ஐதெம்பா லேப்ஸ் என்ற ஆய்வுக்கூடம் இந்த ஜெனரேட்டரைத் தயாரித்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. நம் நாட்டில் செய்ததை வைத்து நம் அப்பாக்களுக்கு ஸ்கேன் எடுப்பது எனக்குப் பெருமையான விஷயம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

தம்பி சொன்ன டிரான்ஸ்ஃபெரின் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, நெஞ்சுக்குள் நிணநீர்க் கணு வீக்கம். லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று சந்தேகப்பட்டு காலியம்-67 ஸ்கேன் எடுத்தார்கள். அது பழைய முறை. 1969இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்போமா நோயாளியிடம் இந்த உலோகம் கட்டியில் சேர்வதைக் கண்டுபிடித்தார்கள். அரை ஆயுள் மூன்று நாளுக்கு மேல், அதனால் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துதான் படம்.

படத்தில் என் நெஞ்சு நன்றாகவே எரிந்தது. வீட்டில் எல்லோரும் மனதைத் திடப்படுத்திக்கொண்டார்கள். பயாப்ஸி (துளி திசு) எடுத்துப் பார்த்தால் டி.பி.! வேகமாக வளரும் கட்டி இரும்புக்கு ஏங்குவதால் காலியமும் அங்கே போகும். ஆனால் கிருமி தாக்கி வீங்கிய இடத்திலும் அது சேரும். டி.பி. இவ்வளவு உள்ள நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. மாத்திரை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன், இன்றைக்கும் நன்றாக இருக்கிறேன். ஸ்கேனை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால், பயாப்ஸி தேவையா என்று கட்டாயம் கேளுங்கள்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

என் கணவருக்குப் புரோஸ்டேட் புற்று எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. ஹார்மோன், கீமோ எல்லாம் பார்த்தாயிற்று. காலியம் ஸ்கேனில் புற்று உள்ள எல்லா இடமும் நன்றாக எரிந்ததால்தான், கட்டியைக் கதிரால் அழிக்கும் லூட்டீசியம்-177 மருந்து கொடுக்கலாம் என்றார்கள். அதே பி.எஸ்.எம்.ஏ. வழிதான், உலோகம் மட்டும் வேறு. லூட்டீசியம் விடும் பீட்டா கதிர் திசுவில் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுமாம். ஸ்கேனில் எரியாத கட்டிக்கு இந்த மருந்து போய்ச் சேராது, அதனால் ஸ்கேன் இல்லாமல் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

ஊசிக்குப் பிறகு எலும்பு வலி குறைந்தது. ராத்திரி தூங்குகிறார். அதற்காக நான் தினமும் முருகனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் வாய் வறண்டுவிட்டது, ருசி தெரியவில்லை. பேரப்பிள்ளைகளைச் சில நாள் மடியில் வைக்கக் கூடாது என்றதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டம்.

தம்பி, இந்த வாய் வறட்சி சரியாகுமா?

பிரிட்டோரியாவிலிருந்து

அந்த உமிழ்நீர்ச் சுரப்பி காரணம்தான், அக்கா. முதலில் எழுதியவரின் அப்பாவுக்கு ஸ்கேனில் கன்னம் எரிந்ததே, லூட்டீசியமும் கொஞ்சம் அங்கே போகிறது. லூட்டீசியத்தில் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும், பலருக்குக் குறைந்தும் விடும். ஆல்பா கதிர் விடும் ஆக்டினியம்-225இல்தான் இது கடுமை. இங்கே பேராசிரியர் மைக் சத்தேகே குழு அந்த மருந்தை வைத்து 17 பேரிடம் செய்த ஆய்வு 2019இல் வந்தது. பெரும்பாலோருக்கு பி.எஸ்.ஏ. 90 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, வாய் வறட்சியும் கூடவே வந்தது. அண்ணனுக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள், காரத்தைக் குறையுங்கள், பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். அடுத்த ஊசிக்கு முன்னால் சிறுநீரகமும் ரத்த அணுக்களும் பார்ப்பார்கள், அப்போது வாயைப் பற்றியும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையும் இடைவெளியையும் அதைக் கேட்டுத்தான் யோசிப்பார்கள்.