ஆப்பிள் ஸ்ட்ராபெர்ரி கிரிஸ்ப் பண்றவங்க கொஞ்சம் வாங்களேன்

ஹாய் ஃப்ரெண்ட்ஸ், வீட்ல ஓடிஜி அவன்ல ஃப்ரூட் கிரிஸ்ப் (கீழ பழம், மேல ஓட்ஸ், மாவு, வெண்ணெய், சர்க்கரை உதிர்த்துப் போட்டு பேக் பண்ற டெசர்ட்) பண்றவங்க யாராவது இருக்கீங்களா? இப்போ கோயம்பேட்டுல மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி வருது, மூடியத் திறந்தாலே வாசனை ஆளத் தூக்குது, சீசன் முடியறதுக்குள்ள ஆப்பிளோட சேத்துப் பண்ணிடணும்னு இருக்கேன். எங்க அம்மா முட்டை சாப்பிட மாட்டாங்க, அதனால கேக் பக்கமே வர மாட்டாங்க, இதுல முட்டையே இல்லங்கறதால அவங்களுக்காகவே இது நல்லா வரணும்.

பிரச்சினை என்னன்னா பெர்ரி விடற தண்ணி. வெளிய எடுக்கறப்ப மேல ஓட்ஸ் மொறுமொறுன்னுதான் இருக்கு, ஆனா ஆற ஆற கீழருந்து ஜூஸ் ஏறி சொதசொதன்னு ஆயிடுது. பழத்துல சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் எலுமிச்சை சாறு எல்லாம் பெரட்டிட்டுதான் 180 டிகிரில 40 நிமிஷம் வைக்கறேன், ஓரத்துல நல்லா கொப்பளிக்குது, நடுவுலயும் கொப்பளிச்சாதான் கார்ன்ஃப்ளார் வெந்து கெட்டியாகுமா? இல்ல ஆப்பிள் அதிகமா போட்டு ஸ்ட்ராபெர்ரிய கம்மி பண்ணணுமா?

ஆப்பிள்ல க்ரீன் ஆப்பிள்தான் பெஸ்ட், துண்டு துண்டா நிக்குது, புளிப்பும் சூப்பர். சிவப்பு ஆப்பிள் குழைஞ்சிடுது.

அப்புறம் வெண்ணெய், நம்ம ஊர் சூட்டுக்கு மாவோட உதிர்க்கறப்பவே கையில உருகி ஓடுது. ஃப்ரீசர்ல வச்சு துருவிப் போட்டா சரியா வருமா? பிரவுன் சுகருக்கு பதிலா நாட்டுச் சர்க்கரை போட்டவங்க இருந்தா மொறுமொறுப்பு எப்படி வந்துச்சுன்னும் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பண்ணப் போறேன்.