சஃபாரி வழிகாட்டிகளோடு உங்கள் அனுபவம் எப்படி?

போன ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாராவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். சிங்கப் படங்களை எல்லாரும் போட்டாயிற்று. நான் எங்கள் வண்டியை ஓட்டிய வழிகாட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பகுதியின் மசாய் இனத்தவர், நாற்பது வயதிருக்கும். சின்ன வயதில் மாடு மேய்த்தவர். அங்கேயே கோயாகி வழிகாட்டிப் பள்ளியில் படித்து, வழிகாட்டிகள் சங்கத் தேர்வில் வெண்கலம் தாண்டி வெள்ளி வாங்கியிருந்தார். தங்கத்துக்குப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

முதல் நாள் காலை ரேடியோவில் மற்ற ஓட்டுநர்கள் 'சிம்பா', 'டூமா' என்று கூவிக்கொண்டிருந்தார்கள். சிம்பா சிங்கம், டூமா சிவிங்கிப்புலி. இவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கறையான் புற்றின் மேல் நின்ற ஒரு டோப்பி மானையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ எரிச்சல். மான் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? "மானைப் பார்க்காதீங்க, அது எங்கே பார்க்குதுன்னு பாருங்க" என்றார். பத்து நிமிடம் அது தலையைத் திருப்பவே இல்லை. அந்தப் பக்கம் போனால், பாதையோரப் புல்லில் டூமா, இரண்டு குட்டிகளோடு!

மூன்றாம் நாள் மாரா ஆற்றங்கரை. எதிர்க்கரையில், ஆற்றைக் கடக்க ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட், மாடு போன்ற பெரிய மான்கள். மற்ற வண்டிகள் கரையை ஒட்டி நிற்க, இவர் மட்டும் தள்ளி நிறுத்தினார். கிட்டப் போகச் சொல்லி நச்சரித்தோம். "ஏறுற வழியை அடைச்சா திரும்பிடும்" என்றார். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். முன்வரிசை தண்ணீரில் கால் வைத்த நேரத்தில் ஒரு வண்டி சரேலென முன்னால் போய் நின்றது. மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிவிட்டது.

கோபம் அந்த வண்டிக்காரர் மேல் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததோ இவர் மேல். டிப்ஸைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று மச்சான் சொல்ல, நானும் தலையாட்டினேன்.

அன்று இரவு நெருப்பருகே பேசிக்கொண்டிருந்தோம். அவர் குடும்பத்து நிலம் பக்கத்துக் காப்பகத்துக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது, மாதாமாதம் பணம் வருகிறது. அப்படியும் போன வருடம் அண்ணன் பட்டியில் புகுந்து சிங்கம் இரண்டு மாட்டை அடித்திருக்கிறது. "அப்பா காலமா இருந்தா ஈட்டியை எடுத்திருப்பார். எனக்கு அந்தச் சிங்கத்தோட அம்மாவையே தெரியுமே, என்ன செய்ய?" என்றார்.

மறுமொழி 1

நான் போனது சாம்பியாவின் தெற்கு லுவாங்வா. அங்கே நடந்தே காட்டுக்குள் போகலாம். முன்னால் துப்பாக்கியோடு வனத்துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் வரிசையாக நாங்கள். வழிகாட்டி கையில் சாம்பல் நிரப்பிய பழைய காலுறை. அவ்வப்போது அதைத் தட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு பெண் யானை காதை விரித்து, தலையை ஆட்டிக்கொண்டு இருபதடி முன்னால் வந்தது. "ஓடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அது நின்று, திரும்பிப் போனது. காதை மடக்கித் துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால்தான் பெரும்பாலும் நிஜத் தாக்குதலாம். இதுவரை எத்தனை முறை காவலர் சுட நேர்ந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "ஒருமுறைகூட இல்லை. அப்படி வந்தா, அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே நான் தப்புப் பண்ணியிருப்பேன்" என்றார்.

மறுமொழி 2

எங்கள் வழிகாட்டியோடு இன்னும் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். 2020இல் விமானமெல்லாம் நின்றபோது ஊருக்குப் போய் ஆடு மேய்த்தார். இப்போது மூன்று மாதம் முகாம், மூன்று வாரம் வீடு. மகள் நைரோபியில் படிக்கிறாள், இதுவரை சிறுத்தையைப் பார்த்ததில்லையாம்.

முதல் பதிவரே, அந்த டிப்ஸ் என்ன ஆச்சு அண்ணா?

முதல் பதிவர்

குறைக்கவில்லை தம்பி. கூட்டியும் கொடுக்கவில்லை.