வில்லியம் ஜேம்ஸ் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பிராக்மாட்டிசம் (கருத்துகளை அவற்றின் நடைமுறைப் பலனை வைத்து எடைபோடும் அமெரிக்கத் தத்துவம்) பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிறேன், வழிகாட்டுங்கள்.

பின்னாளில் இதன் முக்கியத் தத்துவவாதியான ஜேம்ஸ், மனச்சோர்வில் கிடந்தபோது, 1870 ஏப்ரலில், சுயவிருப்பம் (நம் செயலை நாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்) உண்டு என்று நம்புவதே தன் முதல் சுயவிருப்பச் செயல் என நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் இறங்கிவிட்டார் மனுஷன்! அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். வாழ உதவும் நம்பிக்கை உண்மை என்று ஜேம்ஸ் சொல்வதை ஏற்றால், ஜோசியர் சொல்லும் ஆறுதலும் உண்மையாகிவிடாதா? நமக்குத் தெரிந்த மற்ற உண்மைகளோடு அது மோதக்கூடாது என்று 1907இல் வந்த 'Pragmatism' நூலில் நிபந்தனை போடுகிறார்தான். எனக்கு அது போதவில்லை.

இதே மரபைச் சேர்ந்த ஜான் டூயி இதை எப்படிச் சமாளிக்கிறார்? கொலம்பியாவில் அம்பேத்கருக்குப் பாடம் எடுத்தவர் என்ற அளவில்தான் அவரைத் தெரியும். நேரே அவரிடம் போகலாமா, இந்தத் தத்துவத்தைத் தொடங்கிவைத்த சார்லஸ் பர்ஸையும் (Peirce) படித்தாக வேண்டுமா? தமிழில் நல்ல அறிமுகக் கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள். சென்னையில் யாராவது புத்தகம் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.