பழைய கார்பன் ட்ரையத்லான் சைக்கிள்: ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

வணக்கம் நண்பர்களே. ஹாஃப் ஐயர்ன்மேன் ட்ரையத்லானின் 90 கிலோமீட்டரும் ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் கொள்ளும், முன்னே நீண்ட கைப்பிடி) குனிந்தபடியே ஓட்டத் தோதான ஒரு கார்பன் சைக்கிள் தேடுகிறேன். புதிது வாங்கப் பணம் போதாது, பழையதுதான்.

உடம்புக்கேற்ப சைக்கிள் அளவைச் சொல்லும் ஃபிட்டரிடம் அளந்தாயிற்று. முழங்கைத் திண்டுக்கு ஸ்டேக் (பெடல் அச்சிலிருந்து உயரம்) 620 மி.மீ., ரீச் (அங்கிருந்து முன்னோக்கிய தூரம்) 470 மி.மீ. விற்பவர்களோ "மீடியம்" என்று மட்டும் போடுகிறார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்மால்.

இப்போது இரண்டு வழி. சாதாரண ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) உள்ள பழைய ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது) ஃபிரேம் விலை குறைவு. ஸ்டெம்மை மாற்றி ரீச்சைச் சரிசெய்யலாம். ஆனால் பலவற்றில் 28 மி.மீ. டயர் நுழையாது. அகல ரிம்மில் 25 டயரே 27 வரை உப்பிவிடும், செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்தின் இருபுறமும் வரும் ஃபிரேம் குழாய்) உரசும். டயர் அகலமானால் காற்றைக் குறைத்து ஓட்டலாம், உடம்பு அலுக்காது. எனக்கு இது முக்கியம். டிஸ்க் பிரேக் (சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிப்பது) ஃபிரேமில் டயர் இடைவெளிக் கவலை குறைவு. ஆனால் ஹேண்டில்பார், ஸ்டெம் என்று முன்பகுதி முழுக்க அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருந்தால், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடம்) பேரிங் மாற்றக்கூட ஹைட்ராலிக் பிரேக் குழாயைக் கழற்றி ப்ளீட் செய்ய (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டிவரலாம். உதிரிபாகம் கிடைக்காவிட்டால் சைக்கிள் மூலையில்தான்.

ரிம் பிரேக் ஃபிரேமில் 28 டயர் போட்டு ஓட்டுபவர்கள், எந்த மாடல், எந்த ரிம், இரு பக்கமும் எத்தனை மி.மீ. இடைவெளி என்று எழுதுங்கள்.

இன்னொன்று: சீட்போஸ்ட் கிளாம்ப் அருகே தெரியும் மயிரிழைக் கோடு பெயின்ட் விரிசலா, கார்பன் விரிசலா? அங்கே அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள் என்பதால் கேட்கிறேன். நாணயத்தால் தட்டி ஓசை மாறுகிறதா என்று பார்ப்பதை நம்பலாமா?