லாட்ஜ் அறையில் நகையும் போனும் திருட்டு. ஊருக்குக் கிளம்புவதற்குள் என்னென்ன செய்ய வேண்டும்?

வெயிலூர்க்காரி:
சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது. ஊர் பெயர், லாட்ஜ் பெயர் இப்போதைக்கு வேண்டாம். ராத்திரி ரிசப்ஷனுக்குப் போட்ட நகையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் முகூர்த்தத்துக்கு வேறு செட் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். பந்தி முடிந்து வந்து பார்த்தால் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி, ஒரு ஜோடி வளையல், சார்ஜில் போட்டிருந்த தம்பியின் போன் எதுவும் இல்லை. கதவுப் பூட்டு அப்படியே இருக்கிறது, பெட்டியின் ஜிப்பை மட்டும் பேனாவால் குத்திப் பிளந்திருக்கிறார்கள். மேனேஜர் கவுன்ட்டருக்கு மேலே இருக்கும் போர்டைக் காட்டுகிறார், "விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று. ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, விசாரித்துச் சொல்கிறோம், நீங்கள் ஊருக்குப் போங்கள் என்கிறார்கள். நாளைக் காலை எங்களுக்கு ரயில். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், அப்பா "போனது போகட்டும்" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட்டூட்டி:
பல வருஷம் ஓட்டல் ரிசப்ஷனில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் மேடம். முதலில் ரூமைக் காலி செய்யாதீர்கள். நீங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்த பத்தாவது நிமிஷம் ரூம் பாய் பெட்ஷீட் மாற்றி, தரையைத் துடைத்துவிட்டுப் போய்விடுவான், அதற்கப்புறம் அங்கே கைரேகை எடுக்க ஒன்றும் இருக்காது. அந்தப் பெட்டியையும் இனி யாரும் தொட வேண்டாம்.

அடுத்தது கேமரா. சின்ன லாட்ஜ்களில் கேமராப் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதிதாகப் பதிய ஆரம்பித்துவிடும். சில இடத்தில் ஒரு மாசம் தாங்கும், சில இடத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில், இன்ன தேதி, இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை, இந்த மாடி வராந்தா, மாடிப்படி, வாசல் கேமரா பதிவுகளை அழியாமல் எடுத்து வைக்கவும் என்று எழுதி, இரண்டு காப்பி போட்டு, ஒன்றில் லாட்ஜ் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். போட மாட்டேன் என்றால் அதே கடிதத்தை அவர்கள் மெயிலுக்கும் வாட்ஸப்புக்கும் அனுப்பிவிடுங்கள், அனுப்பிய நேரம் பதிவாகிவிடும்.

பூட்டு எந்த வகை? கார்டு தேய்க்கும் பூட்டு என்றால் எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்று அதன் நினைவில் இருக்கும், கையடக்கக் கருவி வைத்து எடுக்கலாம். மேனேஜருக்குத் தெரியாவிட்டாலும் பூட்டு விற்ற கம்பெனிக்காரருக்குத் தெரியும். சாதாரணச் சாவி என்றால், வெளியே போகும்போது கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போனீர்களா? அதுதான் முக்கியம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரூம் பாய்தான் எடுத்தான் என்று பெயர் போட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் அடி அவனுக்குத்தான் விழும். போன மாதம் தங்கினவன் சாவிக்கு டூப்ளிகேட் போட்டு வைத்திருப்பதும் உண்டு. யார் மேல் சந்தேகம் என்று கேட்டால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

வெயிலூர்க்காரி:
சாதாரணச் சாவிதான் அண்ணா. கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னதே அவர்கள்தான், ஆணிப்பலகையில் எங்கள் கண் முன்னால்தான் மாட்டினார்கள். ரூமைக் காலி செய்யவில்லை.

கருப்புக்கோட்டு:
சாவி கவுன்ட்டரில் இருந்தது என்பதைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள் சகோதரி, பின்னால் இதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேறு. தங்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு பாரதிய நியாய சன்ஹிதா 305-வது பிரிவில் வரும், பழைய ஐ.பி.சி. 380. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகலும் இலவசமாகத் தர வேண்டும். புகார் பதிவு விதிகள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவில் இருக்கின்றன, அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம்.

நாளைக் காலைக்குள் ஆகவில்லை என்றால் ரயிலை விட வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. நகை பில்லைத் தேடி எடுங்கள். ஹால்மார்க் போட்ட புது நகை என்றால் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. எண் நகையிலேயே இருக்கும், பில்லில் இருந்தால் புகாரில் சேருங்கள். பழைய நகை என்றால் கல்யாண போட்டோவில் அம்மா அதைப் போட்டிருக்கும் படம் போதும். ரிசப்ஷன் வீடியோவே இருக்குமே!

தெக்கத்திமாமா:
சட்டம் எல்லாம் சரிதான் வக்கீல் சார், ஆனால் நடைமுறையையும் சொல்லிவிடுவோம். எங்கள் மச்சான் வீட்டில் இதே போல நகை போய், ஆளும் பிடிபட்டு, நகையும் கிடைத்தது. கிடைத்த நகை நேராகக் கைக்கு வரவில்லை, கோர்ட்டுக்குப் போனது. மனுப் போட்டு, பில் காட்டி, பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அதிலும் வளையல் அடகுக்கடைக்குப் போய் உருகிவிட்டது. அதனால் அம்மாவிடம் நாளைக்கே வந்துவிடும் என்று ஆசை காட்டாதே தங்கச்சி. ஆனால் கேஸ் போடாமல் விட்டால் எந்த ஊரில் எவன் பிடிபட்டாலும் உங்கள் நகை யாருடையது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லு.

பேட்டரிலோ:
தம்பி போனை மறந்துவிட்டீர்கள். முதல் வேலையாக சிம்மை பிளாக் செய்து, வங்கிக்கும் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள். காசு போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம் டூப்ளிகேட் சிம், போலீஸ் புகார் நகல், போன் அட்டைப்பெட்டியில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண் (அந்த போனுக்கே உரிய அடையாள எண்) இவற்றை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். வேறு போனிலிருந்து தம்பியின் கூகுள் கணக்கில் நுழைந்து தேடிப் பார்த்தீர்களா? லொகேஷன் தெரிந்தால் ஸ்டேஷனில் கொடுங்கள், நீங்களே போய் நிற்காதீர்கள்.

வெயிலூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. சிம் பிளாக் ஆகிவிட்டது. கேமரா கடிதத்தில் சீல் போட மறுத்தார்கள், மெயில் அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் மேனேஜர் இறங்கி வந்து, வாடகை முழுவதையும் திருப்பித் தருகிறோம், "எங்களுக்கு லாட்ஜ் மேல் எந்தப் புகாரும் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்கிறார். அப்பா கையெழுத்துப் போடப் போகிறார். போடலாமா? அந்த போர்டு சட்டப்படி செல்லுமா?

கருப்புக்கோட்டு:
போட வேண்டாம்! வாடகையை வாங்கினால் "வாடகை திரும்பப் பெற்றேன்" என்று மட்டும் எழுதுங்கள்.

போர்டு விஷயம் கொஞ்சம் நீளம். டில்லியில் ஒரு பெரிய ஓட்டலில் வாலே பார்க்கிங்கில் விட்ட கார் 1998-இல் திருடு போனது. "உரிமையாளரின் பொறுப்பு" என்று டோக்கனில் அச்சடித்திருந்தும், ஓட்டல் பொறுப்புதான் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம், காரையும் சாவியையும் ஓட்டல் ஆளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ரிசப்ஷன் லாக்கரில் ரசீது வாங்கி வைத்த நகைக்கும் இந்த வாதம் நன்றாகப் பொருந்தும். அறைக்குள் நீங்களே வைத்திருந்த நகை அப்படி இல்லை, லாட்ஜின் கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் சாவி அவர்கள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தபோது கதவு உடையாமல் உள்ளே போயிருக்கிறார்கள் என்பது சும்மா விஷயமில்லை.

இதை நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடாகக் கொண்டுபோகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம். கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, நீங்கள் கொடுத்த வாடகையை வைத்துத்தான். அது ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வாடகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா, மண்டபத்துக்காரர் பெயரிலா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தெக்கத்திமாமா:
எங்கள் அம்மா கோவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து ஒரு பூட்டும் எடுத்து வருவார். லாட்ஜ்காரன் பூட்டைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு நம் பூட்டைத் தொங்கவிடுவார். ரூம் பாய் முறைப்பான், கண்டுகொள்ள மாட்டார்.

நைட்டூட்டி:
நாதாங்கி வைத்த கதவுக்கு அது நல்ல யோசனைதான் மாமா. ஆனால் பெரிய ஓட்டல்களில் அலமாரிக்குள் இருக்கும் நம்பர் லாக்கரை நம்பி யாரும் நகை வைக்காதீர்கள், விருந்தாளி நம்பரை மறந்தால் திறப்பதற்கு எங்களிடம் மாஸ்டர் கோடு இருக்கும். கீழே ரிசப்ஷன் லாக்கரில் எண்ணிக் காட்டி, எழுதி வாங்கி வையுங்கள்.

வெயிலூர்க்காரி:
ரசீது அப்பா பெயரில் இருக்கிறது வக்கீல் அண்ணா. மறுபடி ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம், பிரிவு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.